எகிப்தியப் போர்த்தேரை முழு அளவில் கட்டும் முறை

துட்டன்காமனின் கல்லறை 1922-ல் திறக்கப்பட்டபோது உள்ளே ஆறு தேர்கள் பாகம் பாகமாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. உள்ளே போகும் வழி குறுகல் என்பதால் அச்சுகளை அறுத்தே கொண்டுபோயிருந்தார்கள். தேர்களுக்கு அது இழப்புதான், தேர் கட்ட நினைப்பவருக்கோ பெரிய உதவி. பிரிந்து கிடந்ததால் எந்த மரம் எதோடு எப்படிச் சேர்ந்தது, எங்கே தோல் சுற்றப்பட்டது என்பதையெல்லாம் நேரடியாக அளந்து பார்க்க முடிந்தது. எகிப்திய அரசி தியேயின் பெற்றோரான யூயா, தூயூ ஆகியோரின் கல்லறையில் கிடைத்த தேரும், இன்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் தேரும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அதிகாரிகள் சிலரின் கல்லறைச் சுவர்களில் தச்சர்கள் தேர் செய்யும் ஓவியங்களும் உண்டு. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் துட்டன்காமனின் வம்சமான 18-ஆம் அரசமரபின் இரண்டு குதிரைத் தேரை இன்று ஒரு நல்ல பட்டறையில் திரும்பக் கட்டிவிடலாம்.

பாகங்களுக்கு நம் வண்டித் தச்சர்களின் சொற்களையே இங்கே பயன்படுத்துகிறோம்: குடம் (சக்கரத்தின் நடு உருளை), ஆரக்கால், வட்டை (சக்கரத்தின் வெளிவளையம்), அச்சு, கடையாணி (சக்கரம் கழலாமல் அச்சு முனையில் செருகும் ஆணி), ஏர்க்கால் (தேரையும் நுகத்தையும் இணைக்கும் நீள மரம்), நுகத்தடி. பெயர்கள் பொருந்தும், கட்டும் முறை பொருந்தாது. மாட்டுவண்டிச் சக்கரத்தை இறுக்கிப் பிடிப்பது காய்ச்சி ஏற்றிய இரும்புப் பட்டை. எகிப்தியத் தேரில் அந்த வேலையைச் செய்வது ஈரமாகச் சுற்றி உலரவிட்ட, பதனிடாத பச்சைத்தோல். இந்த ஒரு வேறுபாட்டைக் கடைசிவரை மறக்காமல் இருந்தால் பாதித் தவறுகள் நடக்காது.

அளவுகளும் எடையும்

கீழே உள்ளவை மூலத்தேர்களின் அளவு வரம்புக்குள் அமையும் நடுத்தரமான எண்கள்.

சக்கர விட்டம் 92 செ.மீ, ஆரக்கால் 6. குடத்தின் நீளம் 38 செ.மீ. அச்சின் மொத்த நீளம் 220 செ.மீ. இரு முனையிலும் கடையாணிக்கு 5 செ.மீ விட்டு, இரண்டு குடங்களுக்கு 76 செ.மீ கழித்தால், குடங்களுக்கு இடையே 134 செ.மீ மிஞ்சும். ஆக இரண்டு சக்கரத் தடங்களுக்கும் நடுவே 172 செ.மீ. தட்டின் (தேரில் ஆட்கள் நிற்கும் இடம்) அகலம் 100 செ.மீ, ஆழம் 50 செ.மீ. கைப்பிடிச் சட்டத்தின் உயரம் தட்டிலிருந்து 75 செ.மீ. ஏர்க்கால் 260 செ.மீ, நுகத்தடி ஏறக்குறைய ஒரு மீட்டர்.

மொத்த எடை 35 கிலோவைத் தாண்டக் கூடாது. சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 12, அச்சு 4, ஏர்க்கால் 4.5, தட்டும் சட்டமும் 8, நுகம் 2.5 என்று பங்கிட்டுக்கொண்டால் 31 கிலோ வரும். மிச்சம் தோலுக்கும் கயிற்றுக்கும். ஒவ்வொரு பாகத்தையும் முடித்தவுடன் தராசில் வையுங்கள். இப்படித் தேர் கட்டுபவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு, “கொஞ்சம் கனமாக இருந்தால் பலமாக இருக்கும்” என்று ஒவ்வொரு மரத்திலும் அரை சென்டிமீட்டர் கூட்டிவிடுவது. கனமான தேர் மேட்டில் மோதும்போது வளைந்து கொடுக்காது. அதிர்ச்சி முழுவதும் போய் விழுவது ஆரக்காலும் குடமும் சேரும் இடத்தில்தான்.

மரம்

எகிப்தியர்கள் எல்ம், ஆஷ் மரங்களை வடக்கிலிருந்து வரவழைத்தார்கள். அவை நைல் கரையில் விளைவதில்லை. ஃபிளாரன்ஸ் தேரின் தோல்கட்டுகள்மேல் சுற்றியிருக்கும் பூர்ஜமர (பிர்ச்) பட்டை இன்னும் தொலைவிலிருந்து வந்தது. வளைந்து கொடுக்கும் மரத்துக்காக ஓர் அரசு அவ்வளவு தூரம் போனது என்பதிலிருந்தே இந்த வேலையில் மரத்தேர்வு எவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள்ளலாம்.

இறக்குமதி ஆஷ் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் வளைக்க வேண்டிய பாகங்களுக்கு முசுக்கொட்டை எடுக்கலாம். வட இந்தியாவில் மர ஹாக்கி மட்டைகள் வளைப்பது இந்த மரத்தில்தான். அச்சுக்கும் ஏர்க்காலுக்கும் சடச்சி நல்ல மரம், துள்ளல் உள்ளது. குடத்துக்குக் கருவேலம் போதும். தேக்கை வளைக்கும் பாகங்களுக்குத் தொடாதீர்கள், நீராவியில் வைத்தாலும் இழை பிளந்துவிடும். சூளையில் உலர்த்திய பலகையும் கூடாது. நிழலில் உலர்ந்து, ஈரம் 15 முதல் 25 சதவீதம் வரை மிச்சமிருக்கும் மரமே வளையும். இழை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓட வேண்டும். அறுத்த பலகையை விட, ஆப்பு வைத்துப் பிளந்தெடுத்த சட்டம் நம்பகமானது, ஏனென்றால் பிளவு இழையோடுதான் போகும்.

பச்சைத்தோல்

பதனிட்ட தோல் எங்கும் பயன்படாது. முடி நீக்கி, சுண்ணாம்பு போகப் பலமுறை கழுவி, விறைப்பாக உலர்த்திய மாட்டுத்தோலோ எருமைத்தோலோ வேண்டும். பறை, மத்தளம் செய்பவர்களுக்குத் தோல் கொடுக்கும் இடங்களில் கேட்டால் கிடைக்கும். கட்டுவதற்கு முந்தைய இரவு குளிர்ந்த நீரில் ஊறப்போடுங்கள். வெந்நீர் ஊற்றினால் தோல் அங்கேயே சுருண்டு கூழாகத் தொடங்கும், பிறகு அதற்குச் சுருங்கும் வலு இருக்காது.

வாரை நீளமாக எடுக்க வட்டத் துண்டு ஒன்றைச் சுருளாக அறுக்க வேண்டும். 80 செ.மீ விட்டமுள்ள வட்டத்திலிருந்து 1 செ.மீ அகல வார் ஏறத்தாழ 50 மீட்டர் கிடைக்கும். தட்டு பின்ன அது போதும். சக்கரத்துக்கு வேறு தோல் வேண்டும்.

சக்கரம்

மாட்டுவண்டியில் ஒவ்வொரு ஆரக்காலும் தனி மரம். குடத்தில் துளை போட்டு உள்ளே இறக்குவார்கள். எகிப்தியச் சக்கரத்தில் அப்படி இல்லை. ஆறு மரச் சட்டங்களைக் கவட்டை போல 60 பாகைக்கு வளைத்து, மைய உருளையைச் சுற்றி முதுகோடு முதுகாக ஒட்டுகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு கவட்டைகளின் கால்கள் சேர்ந்து ஓர் ஆரக்கால் ஆகிறது. ஆரக்காலின் இழை குடத்தருகே முறியாமல் வளைந்து அடுத்த ஆரக்காலுக்குள் தொடர்வதால், துளையால் மரம் பலவீனப்படும் இடமே இல்லை. 3,400 ஆண்டுகளுக்கு முன் இதை யோசித்தவரின் கைத்திறனை, ஒரு கவட்டையை நீங்களே வளைத்துப் பார்க்கும்போதுதான் முழுதாக உணர முடியும்.

ஒவ்வொரு கவட்டைக்கும் 100 செ.மீ நீளம், 28 மி.மீ அகலம், 15 மி.மீ கனத்தில் சட்டம் எடுங்கள். இரு சக்கரத்துக்கு 12 வேண்டும். 16 தயார் செய்யுங்கள், சில உடையும். சட்டத்தின் நடுவில் 15 செ.மீ தூரத்துக்கு உட்பக்கமாக இழைத்து 8 மி.மீ ஆக மெலிக்கவும். மெலிக்காவிட்டால் இவ்வளவு குறுகிய வளைவு வராது.

நீராவிப் பெட்டியில் 25 மி.மீ கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. இந்தச் சட்டங்களுக்கு 40 நிமிடம் சரியாக இருக்கும். அதற்கு மேல் வைத்தால் மரம் இளகிச் சுருக்கம் விழும். வளைவின் வெளிப்பக்கத்தில் மெல்லிய இரும்புத் தகடு ஒன்றை, இரு முனையிலும் தடுப்புக்கட்டை வைத்துப் பொருத்துங்கள். நீராவியில் இளகிய மரம் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வெளிப்பக்க இழைகள் நீளாமல் தகடு பிடித்துக்கொண்டால், உட்பக்கம் அமுங்கி வளைவு முழுதாக வரும். பெட்டியிலிருந்து எடுத்து வளைக்கும் அச்சில் (தேரின் அச்சு அல்ல, வளைவின் வடிவத்தைத் தரும் கட்டை) வளைத்துக் கிளாம்ப் போட ஒரு நிமிடம்கூட இல்லை. இருவர் சேர்ந்து செய்யுங்கள், வெறும் சட்டத்தை வைத்து இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.

வளைக்கும் அச்சின் உள் ஆரம் 4.2 செ.மீ இருக்கட்டும். 8 மி.மீ கனம் சேர்ந்து வெளி ஆரம் 5 செ.மீ ஆகும். 60 பாகைக் கவட்டையின் முதுகு சக்கர மையத்திலிருந்து சரியாக அதே 5 செ.மீ தள்ளி நிற்கும். ஆகவே மைய உருளையின் விட்டம் 10 செ.மீ. கவட்டையை எடுத்ததும் சற்று விரியும் என்பதால் அச்சை 56 அல்லது 57 பாகைக்குச் செய்யுங்கள். இரண்டு வாரம் அச்சிலேயே கட்டி வைத்த பிறகு அவிழ்க்கவும்.

தரையில் 92 செ.மீ வட்டம் வரைந்து, ஆறு கோடு இழுத்து, கவட்டைகளைப் பசையில்லாமல் அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு பாகை பிசகினால் கடைசியில் ஆறு பாகை இடைவெளி நிற்கும். அதைக் கிளாம்ப் போட்டு நெருக்கி மூடிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. அந்த இழுவை சக்கரத்துக்குள்ளேயே தங்கி, முதல் மழைக்காலத்தில் பசையைப் பிரித்துவிடும். பிசகிய கவட்டையை மறுபடி நீராவியில் வைத்துத் திருத்துங்கள், முடியாவிட்டால் கூடுதலாகச் செய்ததில் ஒன்றை எடுங்கள்.

ஒட்ட வச்சிரம் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை). முந்தைய இரவே குளிர்நீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 முதல் 65 பாகை செல்சியசில் உருக்கவும். கொதித்தால் ஒட்டும் வலு போய்விடும். மரத்தையும் வெதுவெதுப்பாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தடவிய பசை அழுத்துவதற்குள் உறைந்துவிடும். உருளைக்கும் கவட்டைகளுக்கும் இடையே சிறுசிறு முக்கோண இடைவெளிகள் மிஞ்சும். அவற்றில் அதே மரத்தில் செதுக்கிய ஆப்புகளைப் பசையோடு இறக்குங்கள். பிறகு ஆரக்கால்களை முட்டை வடிவக் குறுக்குவெட்டாக இழைத்து, குடத்தை ஒட்டிய பகுதியில் 25 மி.மீ அகல ஈரத்தோலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி முடிச்சை உட்பக்கம் மறைத்துவிடுங்கள்.

வட்டைக்கு இரண்டு வளைவுகள் போதும். சுற்றளவு 289 செ.மீ. இரண்டு இணைப்பிலும் 25 செ.மீ சாய்வெட்டாக ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டுமானால் ஒவ்வொரு துண்டும் 170 செ.மீ. பிடித்து வளைக்க இடம் வேண்டும் என்பதால் 185 செ.மீ வெட்டுங்கள். குறுக்குவெட்டு 35 × 30 மி.மீ, நீராவியில் ஒன்றரை மணி நேரம். சாய்வெட்டு இணைப்பு இரண்டு ஆரக்கால்களுக்கு நடுவே விழ வேண்டும், ஆரக்கால் துளைமேல் விழக் கூடாது. ஆரக்கால் நுனியில் 20 மி.மீ நாக்கு செதுக்கி வட்டையில் பொருத்தி, இணைப்புகளை ஈரத்தோலால் கட்டுங்கள்.

கடைசியாகத் தோல் டயர். 4 மி.மீ கனமுள்ள எருமைத்தோலில் 8 செ.மீ அகலப் பட்டை எடுத்து, ஈரமாக இழுத்து வட்டைமேல் போர்த்தி, இரு ஓரங்களிலும் 4 செ.மீ-க்கு ஒரு துளையிட்டு வட்டையின் உட்பக்கம் வாரால் பின்னவும். பட்டையின் இரு முனைகளையும் 10 செ.மீ தூரம் சீவி மெலித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தையுங்கள். இப்போது நிழலில் நான்கைந்து நாள். வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் விறைத்து உள்ளே ஈரம் அடைபட்டு அழுகும், நாற்றத்தில் தெரிந்துவிடும். உலர உலரத் தோல் சுருங்கி எல்லா மூட்டுகளையும் மையத்தை நோக்கி நெருக்கும். சக்கரத்தை விரலால் தட்டினால் மேளம்போல ஒலிக்க வேண்டும். “தொப்” என்று கேட்டால் எங்கோ ஒரு கட்டு தளர்ந்திருக்கிறது.

அச்சும் குடமும்

குடம் 38 செ.மீ நீளம் இருப்பது வீண் அலங்காரமல்ல. மரத்துக்குள் மரம் சுழலும்போது கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். குட்டையான குடத்தில் அந்த இடைவெளி சக்கரத்தை ஆட்டும், நீளமான குடத்தில் ஆட்டம் குறையும். அச்சு முனை 55 மி.மீ விட்டம், குடத்தின் துளை 57 மி.மீ. இடையில் விலங்குக் கொழுப்பு தடவுங்கள். சக்கரத்தைச் சுழற்றி, வட்டையருகே ஓர் ஆணியை நிறுத்திப் பார்த்தால் பக்கவாட்டு ஆட்டம் 4 மி.மீ-க்குள் இருக்க வேண்டும்.

தட்டு

பின்பக்கம் நேராகவும் முன்பக்கம் அரைவட்டமாகவும் வளைத்த சட்டம் ஒன்று, அதற்குள் கட்டில்போலக் குறுக்கு நெடுக்காகப் பின்னிய தோல்வார். 2 செ.மீ-க்கு ஒரு வார் என்று இரு திசையிலும் போனால் 40 மீட்டர் வார் செலவாகும், முடிச்சோடு 50. ஓடும் தேரில் நின்றுகொண்டு வில் வளைக்க முடிந்தது இந்தப் பின்னலால்தான். குலுக்கலைக் காலடியிலேயே அது வாங்கிக்கொள்கிறது. பலகை போட்டால் அந்தப் பயன் முழுவதும் போய்விடும், எடையும் கூடும்.

வாரை ஈரத்தில் பின்னும்போது பலம்கொண்டு இழுக்காதீர்கள். கையால் தளர்வில்லாமல் பிடித்தால் போதும், மீதியை உலரும் தோல் பார்த்துக்கொள்ளும். முழு இறுக்கத்தில் பின்னினால் மூன்றாம் நாள் சட்டம் முறுக்கிக்கொண்டு நிற்கும், அதை நேராக்க வழியில்லை. மேலே கைப்பிடிச் சட்டத்தை ஒரே மரமாக வளைத்து, முன்னால் ஒரு தூணும் பக்கங்களில் தூண்களும் நிறுத்திக் கட்டுங்கள். போர்த்தேர் என்றால் பக்கங்கள் திறந்திருக்கும் அல்லது மெல்லிய தோல் மட்டும் இருக்கும்.

ஏர்க்கால் சேரும் இடம்

ஏர்க்கால் தட்டின் அடியில் பின்விளிம்பு வரை படுத்திருந்து, முன்விளிம்பைத் தாண்டியதும் மேல்நோக்கி வளைந்து, பிறகு நுகத்தை நோக்கிச் சற்றுச் சமமாகிறது. பின்முனை ஒரு பொருத்தில் செருகி நிற்கும். முன்விளிம்பில் தோல்வாரால் கட்டியிருக்கும். அச்சோடும் தோல்கட்டுதான்.

இங்கே போல்ட் போட்டு முறுக்கத்தான் இன்றைய கை துடிக்கும். போடாதீர்கள். ஒரு சக்கரம் கல்மேல் ஏறும்போது அச்சு சாய்கிறது. ஏர்க்கால் தோல்கட்டுக்குள் லேசாகத் திரும்பிக் கொடுப்பதால் அந்தச் சாய்வு நுகத்துக்கும் குதிரையின் முதுகுக்கும் போவதில்லை. போல்ட் இறுக்கிய தேரில் அந்தத் திருகல் போக இடமில்லாமல் ஏர்க்காலின் வளைவில்தான் பிளவு விழும். 

அச்சு தட்டின் பின்விளிம்புக்கு நேர் கீழே வர வேண்டும், நடுவில் அல்ல. நிற்பவர்களின் எடை அச்சுக்கு முன்னால் விழுவதால் தேர் பின்னால் கவிழாது, திருப்பத்திலும் நிலைக்கும். சரிபார்க்க ஒரு வழி: தட்டில் 130 கிலோ மணல்மூட்டையை அச்சுக்கு 20 முதல் 25 செ.மீ முன்னால் வைத்து, ஏர்க்கால் நுனியைத் தராசில் ஏற்றுங்கள். 15 முதல் 20 கிலோ காட்டினால் சரி. இரண்டு குதிரைகள் பங்கிட்டுக்கொள்ள அது சுமையே அல்ல. 30-க்கு மேல் போனால் அளவு எங்கோ பிசகியிருக்கிறது என்று பொருள்.

நுகமும் குதிரையும்

நுகத்தடி நேராகக் கழுத்தில் படாது. கவட்டை வடிவ மரச் சேணங்கள் இரண்டு நுகத்தில் கட்டப்பட்டு, குதிரையின் தோள்மேட்டில் மெத்தைமேல் உட்காரும். அதிலிருந்து ஒரு வார் மார்பின் குறுக்கே போகும், இன்னொன்று வயிற்றடியில் தளர்வாக. மார்புவார் தொண்டைக்கு ஏறக் கூடாது. பழங்காலப் பூட்டு குதிரையின் மூச்சை அடைத்தது என்று லெஃபெவ்ர் தே நோயத் என்ற பிரெஞ்சு அதிகாரி எழுதியதைப் பலர் நீண்ட காலம் நம்பினார்கள். ழான் ஸ்ப்ருய்த் 1970-களில் இதே முறையில் தேர் கட்டிக் குதிரை பூட்டி ஓட்டி, சேணத்தைச் சரியான இடத்தில் வைத்தால் அப்படி ஆகாது என்று காட்டினார். சேணம் முன்னால் நழுவினால் மட்டுமே வார் மேலேறும். எனவே வயிற்றுவாரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள்.

இந்த அளவுத் தேருக்கு 135 முதல் 140 செ.மீ உயரமுள்ள குதிரைகள் பொருந்தும். உயரமான குதிரை பூட்டினால் நுகம் மேலேறித் தட்டு பின்பக்கம் சரியும். இரண்டும் ஒரே உயரம், ஒரே நடை கொண்டவையாக இருக்கட்டும். பழக்குவதில் அவசரம் கூடாது. மித்தானி நாட்டுக் கிக்குலி என்ற பயிற்சியாளரின் களிமண் ஏடுகள் ஹித்தியர்களின் தலைநகரான ஹத்துசாவில் கிடைத்தன. தேர்க்குதிரைக்கு நாள்வாரியாகத் தீனி, தண்ணீர், ஓட்டம், குளியல் என்று மாதக்கணக்கில் நீளும் பயிற்சி அதில் இருக்கிறது. சுற்றுகளை எண்ண அவர் பயன்படுத்தும் ‘ஐக’, ‘பஞ்ச’, ‘சத்த’ போன்ற சொற்கள் நமக்கும் பழகிய எண்களே.

முதல் ஓட்டமும் பராமரிப்பும்

முதலில் குதிரை வேண்டாம். நான்கு பேர் ஏர்க்காலைப் பிடித்து இழுத்து, சமதரையில் 500 மீட்டர், பிறகு கரடில் 200 மீட்டர். ஒவ்வொரு முறை நிறுத்தியதும் கடையாணியைத் தொட்டுப் பாருங்கள். குடம் சூடாக இருந்தால் கொழுப்பு போதவில்லை. ஆரக்கால் அடியில் வெள்ளைக்கோடு தெரிந்தால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது, அன்றே நிறுத்திவிடுங்கள்.

ஈரம் பச்சைத்தோலின் எமன். எகிப்தின் வறண்ட காற்றில் பிழைத்த கட்டு, சென்னையின் நவம்பர் மாதத்தில் ஒரு வாரத்தில் தளர்ந்துவிடும். பூர்ஜமரப் பட்டைக்குப் பதிலாக, நன்கு உலர்ந்த கட்டுகள்மேல் ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் கலந்து சூடாக மூன்று பூச்சு கொடுங்கள். மழையில் ஓட்டவே கூடாது.

ஓட்டி முடித்ததும் சக்கரங்களைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிடுங்கள். தேர் நின்ற இடத்திலேயே நாள்கணக்கில் நின்றால், எடை தாங்கும் ஒரே இடத்தில் மெல்லிய வட்டை அமுங்கிச் சக்கரம் நீள்வட்டமாகிவிடும். கிரேக்கத்தின் நோசோஸ் அரண்மனைக் களிமண் கணக்கேடுகளில் தேர் ஒரு பட்டியலிலும் சக்கரங்கள் வேறொரு பட்டியலிலும் சோடி சோடியாக எண்ணப்பட்டிருக்கின்றன. கழற்றும்போது இடச்சக்கரம், வலச்சக்கரம் என்று குடத்தின் உட்பக்கம் குறியிடுங்கள். தேய்ந்து பழகிய குடமும் அச்சு முனையும் மாறினால் ஆட்டம் மறுபடி 4 மி.மீ-ஐத் தாண்டும்.